வலது கை, இடது கண்: குறி தப்பினால் எங்கே தேடுவது?

மெரினாவில் பலூன் சுடும் கடைப் பக்கம் ஒரு மாலை நின்று பாருங்கள். துப்பாக்கியை வலது தோளில் வைத்து இடது கண்ணை இறுக்கி மூடிச் சுடுபவர்கள்தான் அதிகம். நடுவில் ஒருவர் வருவார். அவரும் வலது தோளில்தான் வைப்பார். ஆனால் கன்னத்தைக் கட்டைக்கு மேலே கவிழ்த்து, இடது கண்ணால் எட்டிப் பார்ப்பார். கூட வந்தவர்கள் "டேய், நேரா புடிடா" என்பார்கள். நேராகப் பிடித்தால் அவருக்குப் பலூனே தெரியாது, பாவம்.

அவர் கையில் குறையில்லை. கை வலது, கண் இடது, அவ்வளவுதான். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது, ஒரு பொருள் எந்தத் திசையில் இருக்கிறது என்று தீர்மானிக்க மூளை ஒரு கண்ணைத்தான் கூடுதலாக நம்பும். துப்பாக்கி சுடப் பழகும் இடமான ரேஞ்சில் அதை மாஸ்டர் ஐ என்பார்கள். நான் முதன்மைக் கண் என்று எழுதுகிறேன். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு அது வலது கண். மீதிப் பேரில் பெரும்பாலோரும் வலது கைக்காரர்களே என்பதால், இந்தக் குறுக்கு அமைப்பு அபூர்வமானது இல்லை. இது மாறுகண்ணும் இல்லை, நோயும் இல்லை.

நானும் அப்படித்தான். ஏர் பிஸ்டல் கற்கத் தொடங்கி எட்டு மாதம் டிரிகரைத் திருத்தினார்கள், பிடியைத் திருத்தினார்கள், மூச்சைத் திருத்தினார்கள். ஒரு நாள் பக்கத்து லேனில் இருந்த பெரியவர் என் கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, "இப்ப சுடுப்பா" என்றார். அன்றைக்குத்தான் முன் சைட், அதாவது குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் சின்னத் தகடு, ஒன்றே ஒன்றாகத் தெரிந்தது. அந்த எட்டு மாதம் இன்னொருவருக்குப் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வலது கைக்காரர்களை வைத்து எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சோதனை

ஐந்தாறு மீட்டர் தள்ளி ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். சுவர்க் கடிகாரம் போதும். மொட்டை மாடி என்றால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடி. இரண்டு கைகளையும் முழுக்க நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றின்மேல் ஒன்று சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விடுங்கள். இரு கண்ணும் திறந்தபடி ஓட்டை வழியே கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள். கடிகாரம் அப்படியே இருந்தால் முதன்மைக் கண் வலது. மறைந்துவிட்டால் இடது. ஒரு கண்ணைத் தனியாக மூட வராதவர்கள், பார்வையை எடுக்காமல் கைகளை மெல்ல முகத்தருகே கொண்டுவரட்டும். ஓட்டை தானாக முதன்மைக் கண்ணுக்கு வந்து சேரும்.

ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். பத்து தடவை செய்யுங்கள். பொருள் முகத்துக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் அந்தப் பக்கத்துக் கண் முந்திக்கொள்ளும். பத்தில் எட்டுக்கு மேல் ஒரே கண் என்றால் தெளிவு. ஆறுக்கு நாலு என்று வந்தால் உங்களுக்கு இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட சமம், கீழே சொல்லும் தொல்லைகள் விட்டுவிட்டு வரும். குழந்தைகளுக்குச் சோதனை என்று சொல்லவே வேண்டாம். காகிதத்தைச் சுருட்டிக் கொடுத்து, "இதுல நிலா தெரியுதா பாரு" என்றால் எந்தக் கண்ணுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கண்ணில் பார்வையே மங்கல் என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் கண் மருத்துவரிடம் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அதில் அலைச்சல் இல்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819. உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. முதன்மைக் கண்தான் கூர்மையான கண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு கண்ணின் பவரையும் தெரிந்துகொண்டு ரேஞ்சுக்குப் போவது நல்லது.

பிஸ்டலில் முன் சைட் இரண்டாகத் தெரிகிறது

என் அக்கா மகள் முதல் நாளே சொன்னது இதைத்தான். "மாமா, ரெண்டு ரெண்டா தெரியுது. எதை வச்சுக் குறி பார்க்கணும்?"

கேள்வி சரியானது. இரு கண்ணும் திறந்து முன் சைட்டைக் கூர்ந்து பார்த்தால் பின்னாலிருக்கும் டார்கெட் இரண்டாகும். டார்கெட்டைப் பார்த்தால் சைட் இரண்டாகும். எல்லார் கண்ணுக்கும் இப்படித்தான். கையும் கண்ணும் ஒரே பக்கமாக இருப்பவருக்கு, வேண்டாத பிம்பம் மங்கலாக ஒதுங்கி நிற்கும். நமக்கு அந்த வேண்டாத பிம்பம்தான் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும்.

நிவாரணம் பிளைண்டர்: குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் ஒரு சின்னத் திரை. சர்வதேச துப்பாக்கி சுடும் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 30 மி.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. கடையில் வாங்கலாம். வீட்டிலும் செய்யலாம். தயிர் டப்பா மூடி மாதிரி வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளைப் பிளாஸ்டிக்கை வெட்டிக் கண்ணாடியிலோ தொப்பி விளிம்பிலோ மாட்டினால் போதும். வெளிச்சம் வர வேண்டும், உருவம் தெரியக் கூடாது. அதுதான் அளவுகோல்.

கறுப்பு வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். இரண்டு கண்பாவைகளும் சேர்ந்துதான் சுருங்கி விரியும். இடது கண்ணை இருட்டாக்கினால் வலது கண்ணின் பாவையும் விரியும், முன் சைட்டின் விளிம்பு கூர்மை இழக்கும். தவிர, அந்தக் கறுப்பையே மூளை அவ்வப்போது எடுத்துக் காட்டும். நடுக்குறியில் ஒரு நிழல் மிதப்பது போல இருக்கும்.

மே மாதத்தில் ஏசி இல்லாத ரேஞ்சில் சுடுபவர்கள் செல்லோடேப்பை நம்பாதீர்கள். வியர்வையில் அரை மணி நேரத்தில் நழுவிவிடும். கிளிப் வைத்து மாட்டுங்கள். ஊரில் மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் பிளைண்டரையோ கண்ணாடியையோ யாருக்கும் இரவல் தராதீர்கள், வாங்கவும் வேண்டாம். கிளப் ரைஃபிளில் கன்னம் படும் இடத்தை ஒவ்வொருவரும் துடைத்துவிட்டுச் சுட வேண்டும்.

பாரிஸ் ஒலிம்பிக் (2024) முடிந்ததிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. துருக்கியின் யூசுஃப் டிகெச் பிளைண்டர் இல்லாமல், இரண்டு கண்ணையும் திறந்து சுட்டுக் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினாரே, நாமும் அப்படிச் சுடக் கூடாதா? சுடலாம். ஆனால் அவர் பல ஒலிம்பிக் பார்த்தவர். எந்தப் பிம்பத்தை எடுப்பது, எதை விடுவது என்று அவர் மூளைக்கு ஆண்டுக்கணக்கில் பழக்கம். முதல் ஆயிரம் பெல்லட்டை (ஏர் துப்பாக்கியின் சின்னக் குண்டு) பிளைண்டரோடு சுட்டுவிட்டு, அப்புறம் கழற்றிப் பாருங்கள்.

ரைஃபிளில் வளையம் மங்கி மறைந்து, மறுபடி வருகிறது

ரைஃபிளில் பின் சைட்டின் துளை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதன் வழியேதான் முன் சைட்டின் வளையத்தைப் பார்க்க வேண்டும். வலது கண்ணுக்கு அந்தத் துளை வழியே வரும் மங்கல் வெளிச்சம் மட்டும். இடது கண்ணுக்கோ முழு ஹாலும் டியூப் லைட்டும் தெரியும். ஏற்கெனவே இடது கண்ணை நம்பும் மூளை, இந்தப் போட்டியில் வலது கண்ணின் படத்தைக் கொஞ்ச நேரம் அணைத்துவிடும். சுடுபவர் "கண் இருட்டுது" என்பார். காலையில் சாப்பிடவில்லையா என்று கேட்பார்கள். ரத்த அழுத்தம் வரை பேச்சு போகும். முதலில் பின் சைட்டிலேயே இடது பக்கமாக வெள்ளைத் தகடு ஒன்றை மாட்டிப் பாருங்கள். காரணம் கண் என்றால் அன்றைக்கே நின்றுவிடும்.

தலை சாய்கிறது, கழுத்து வலிக்கிறது, பின் சைட்டில் பிறை மாதிரி நிழல்

இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஏனென்றால் தோளை மாற்றுவதா வேண்டாமா என்ற பெரிய முடிவு இங்கேதான் வருகிறது.

பிறை நிழல் வந்தால் கண் துளைக்கு நேர் நடுவில் இல்லை என்று பொருள். முதலில் ஸ்டாக்கை, அதாவது ரைஃபிளின் கட்டையைப் பாருங்கள். அதில் கன்னம் பதியும் சீக் பீஸ் தாழ்வாக இருந்தாலும் உயரமாக இருந்தாலும் இதே நிழல் வரும். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை வைத்து, பத்து எண்ணி, திறந்து பாருங்கள். வட்டம் நடுவில் இருந்தால் ஸ்டாக் சரி. தொடக்கத்தில் சரியாக இருந்து, குறி பார்க்கப் பார்க்கத் தலை கட்டையின்மேல் கவிழ்ந்துகொண்டே போனால், இடது கண் சைட்டைத் தேடிப் போகிறது. இடது கண்ணை மறைத்ததும் கவிழ்வது நின்றால் சந்தேகமே இல்லை.

வழிகள் மூன்று. முதலாவது, பிளைண்டர் போட்டு வலது கண்ணிலேயே தொடர்வது. இரண்டாவது, ரைஃபிளை இடது தோளுக்கு மாற்றுவது. மூன்றாவது, வலது தோளில் வைத்து இடது கண்ணால் பார்க்கப் பட்டகமோ கண்ணாடியோ வைத்த கருவி. உருப்பெருக்கும் லென்ஸ் இல்லாதவரை சர்வதேச விதிகளில் இதற்கு இடமுண்டு, அதுவும் தோளும் கண்ணும் குறுக்காக இருப்பவருக்கு மட்டும். போட்டிக்கு முன் நடப்பு விதிப்புத்தகத்தைக் கோச்சிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு கண்ணில் பார்வை போனவர்களுக்கு அந்தக் கருவி பெரிய வரம். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சைட்டில் எடை கூடும், சரிசெய்ய இன்னொரு திருகும் கூடும்.

தோளை மாற்றுவது பற்றி என் கருத்து இது. புதிதாக வந்திருக்கும் சிறுவர், முதல் இரண்டு மாதத்துக்குள், சோதனை பத்துக்குப் பத்து இடது, இடது கண்ணின் பார்வையும் நன்று என்றால் தயங்காமல் மாற்றுங்கள். ஸ்டாண்டிங்கில் ரைஃபிளைத் தாங்குவது எலும்புக்கட்டும் இடுப்பும்தான், கைப்பழக்கத்துக்கு வேலை குறைவு. அக்கா மகளை அப்படித்தான் மாற்றினோம். பெல்லட் போடும்போது மூன்று வாரம் தடுமாறினாள், அப்புறம் மறந்தே போனாள். இடதுகை ஸ்டாக் கிடைப்பதுதான் சிரமம். கிளப் ரைஃபிள்கள் பெரும்பாலும் வலதுகை. இரு பக்கத்துக்கும் பொருந்தும் ஸ்டாக் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வலது தோளில் சுட்டுப் பழகியவர் என்றால் பிளைண்டரே போதும்.

பிஸ்டல் வேறு கதை. டிரிகர் விரலின் நுணுக்கம் பெரிது. ஏர் பிஸ்டலில் அரைக் கிலோ அழுத்தத்தை ஆடாமல் கொடுக்க வேண்டும். அதனால் கையை மாற்றுவதைக் கடைசியாக வையுங்கள். முடியாத காரியம் என்று சொல்லவில்லை. ஹங்கேரியின் காரொலி டகாச் 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கையை இழந்தார். இடது கையால் சுடக் கற்று, 1948-லும் 1952-லும் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கினார். கண்ணுக்காக அந்த அளவு பாடுபடத் தேவையில்லை. பிஸ்டல் நீட்டிய கையில் இருப்பதால் இடது கண்ணுக்கு முன்னாலும் அதைக் கொண்டுவர முடியும். முகத்தைச் சற்று வலப்பக்கம் திருப்புங்கள், பாதத்தை நகர்த்தி உடலைக் கொஞ்சம் டார்கெட்டைப் பார்க்க நிறுத்துங்கள். இதில் ஒரு விலை உண்டு. மணிக்கட்டு சற்று வெளிப்பக்கம் மடங்கும், நீண்ட பயிற்சியில் சலிக்கும். வலது கண்ணின் பார்வை நன்றாக இருந்தால் வலது கண்ணும் பிளைண்டரும்தான் என் தேர்வு. இடது கண் தெளிவாகக் கூர்மை என்றால் மட்டும் உடலைத் திருப்புங்கள்.

ஒரு கண்ணை மூடித்தான் சுடுகிறேன், இருபது பெல்லட்டுக்கு மேல் பார்வை மங்குகிறது

மூடாதீர்கள். ஒரு கண்ணை இறுக்கும்போது கன்னமும் நெற்றியும் சேர்ந்து இழுபடும். திறந்த கண்ணின் இமையும் கொஞ்சம் இறங்கும். போட்டியில் 60 பெல்லட், 75 நிமிடம். அவ்வளவு நேரம் முகத்தை இறுக்கி வைத்தால் தலைவலிதான் மிஞ்சும். பிளைண்டருக்குப் பின்னால் கண் சும்மா திறந்திருக்கட்டும்.

எல்லாம் ஒரே பக்கமாக விழுகின்றன

முதன்மைக் கண்ணைப் பற்றித் தெரிந்த பிறகு எல்லாப் பழியையும் அதன்மேல் போடத் தோன்றும். நானும் போட்டேன். பிஸ்டலில் முன் சைட்டும் பின் சைட்டும் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால், எந்தக் கண்ணால் பார்த்தாலும் குழல் அங்கேதான் நோக்கும். ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, அந்த இடம் மட்டும் தள்ளி இருந்தால், சைட்டைத் திருகுங்கள் அல்லது டிரிகர் விரலைப் பாருங்கள். பிஸ்டலின் இரு சைட்டுக்கும் இடையே சுமார் 36 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சைட் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் ஏறக்குறைய 28 மி.மீ. விலகும். பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். விரலின் ஒரு சின்ன உதறல் அதைச் செய்துவிடும்.

கண்தானா என்று பிரித்தறிய மூன்று கார்டு (டார்கெட் அட்டை) எடுங்கள். முதல் கார்டில் இடது கண்ணை மறைத்துப் பத்து பெல்லட். இரண்டாவதில் வலது கண்ணை மறைத்துப் பத்து. மூன்றாவதில் மறைக்காமல் பத்து. சைட்டைத் தொடக் கூடாது, நின்ற இடத்தை மாற்றக் கூடாது. முதல் இரண்டும் தனித்தனியாக நெருக்கமாக இருந்து, மூன்றாவதில் மட்டும் பெல்லட்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தோ பரவலாகவோ விழுந்தால், சுடச் சுடக் கண் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் தலை நிற்கும் இடம் வேறு, மணிக்கட்டின் கோணம் வேறு, சைட் தெரியும் தெளிவு வேறு. அதனால்தான் இரண்டு கூட்டம். மூன்று கார்டும் ஒரே மாதிரி சிதறியிருந்தால் கண்ணை விட்டுவிடுங்கள். பிடியும் டிரிகரும்தான் வேலை.

இந்த மூன்று கார்டையும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். நான் நான்கு வருடத்துக் கார்டுகளை வைத்திருக்கிறேன். பழக்கம் எப்படி மாறுகிறது என்று அதில்தான் தெரிகிறது.

முப்பது பெல்லட் வரை நன்றாக இருக்கிறது, அப்புறம் சிதறுகிறது

ஒரு குறியை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள் என்று யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். பத்து நொடியைத் தாண்டினால் கண் பழைய பிம்பத்தையே காட்டிக்கொண்டிருக்கும், சைட் நகர்ந்தது தெரியாது. இறக்குங்கள். தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள், நான்கு முறை கண் சிமிட்டுங்கள், மறுபடி தூக்குங்கள். களைத்த கண்ணிடமிருந்து முதன்மைக் கண் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். இரு கண்ணும் ஏறக்குறைய சமம் என்று சோதனையில் வந்தவர்களுக்கு இது அதிகம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணாடியே காரணமாக இருக்கலாம். புரொகிரசிவ் லென்ஸில் முன் சைட் தெளிவாகத் தெரிய முகவாயைத் தூக்க வேண்டியிருக்கும், தலையின் நிலை கெடும். பிஸ்டலுக்குத் தூரப் பார்வை பவரோடு +0.50 அளவில் சேர்த்துத் தனி லென்ஸ் போடுவது பல வீரர்களின் வழக்கம். கண் பரிசோதிப்பவரிடம் "கையை நீட்டினால் அதன் முனையில் இருக்கும் பொருள் தெளிவாக வேண்டும்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

வில்லிலும் ஷாட்கன்னிலும்

இவற்றில் தொல்லை பல மடங்கு. காரணம், பின் சைட் இல்லை. கண்ணே பின் சைட். இரு கண்ணுக்கும் நடுவே ஏறக்குறைய 6 செ.மீ. இருக்கிறது. ஷாட்கன்னை வலது தோளில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் முனையை இடது கண்ணால் இலக்கோடு சேர்த்தால், 20 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் இடப்பக்கம் போகும். வலது கையால் நாண் இழுப்பவரின் அம்பும் இப்படித்தான் பலகையையே தவறவிடும். இங்கே சைட்டைத் திருகிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கண் எந்த நொடியில் மாறும் என்று தெரியாதபோது எந்தத் திருத்தமும் நிலைக்காது. வில் கற்கும் குழந்தை என்றால் முதல் நாளே முதன்மைக் கண் பக்கத்து வில்லைக் கொடுங்கள். பெரியவர்கள் மறுகண்ணை மறைக்கலாம். பறக்கும் இலக்கைச் சுடுபவர்கள் கண்ணாடியின் இடது லென்ஸில், முனை தெரியும் இடத்தில் மட்டும் விரல் நுனி அளவு டேப் ஒட்டுவார்கள். தூரத்தைக் கணிக்க மற்ற இடமெல்லாம் திறந்திருக்கும்.

மாற்றினேன், முன்பைவிட மோசமாகிவிட்டது

ஆகும். முதல் இரண்டு மூன்று வாரம் ஸ்கோர் எழுதாதீர்கள். வெள்ளைத் தாளைப் பார்த்துச் சுடுங்கள், குறியே வேண்டாம். கண் சைட்டிலேயே தங்கப் பழகட்டும்.

வீட்டில் டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது, செய்யலாம். சென்னை வீடுகளில் பத்து மீட்டர் யாருக்குக் கிடைக்கும்? மூன்று மீட்டர் போதும். ஏர் பிஸ்டல் டார்கெட்டின் கறுப்பு 59.5 மி.மீ., மூன்று மீட்டருக்கு அது 18 மி.மீ. வட்டம். ரைஃபிளின் 30.5 மி.மீ. கறுப்புக்கு 9 மி.மீ. வரைந்து சுவரில் கண்ணுயரத்தில் ஒட்டுங்கள். பெல்லட் டப்பா அடுத்த அறையில் இருக்கட்டும், குழல் காலி என்று இரண்டு முறை பாருங்கள், அந்தச் சுவர்ப் பக்கம் யாரும் வரக் கூடாது. டிரை ஃபயர் வசதி உள்ள மேட்ச் பிஸ்டலில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் சீல் கெட்டுவிடும். தினம் பதினைந்து நிமிடம், பிளைண்டரோடு.

குழந்தையின் முதன்மைக் கண்ணை நாள் முழுக்க மூடி வைத்தால் மறுகண் பழகிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மருத்துவர் சொல்லாமல் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வளரும் வயதில் மூடி வைத்த கண்ணின் பார்வையே குறைந்துபோகலாம். சுடும் நேரத்துக்கு மட்டும் திரை, இறக்கியதும் எடுத்துவிட வேண்டும். அக்கா மகள் ஒவ்வொரு பத்து பெல்லட்டுக்கும் அதைத் தூக்கிவிட்டு ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்ப்பாள். அவள் கோச்சும் இப்போது மற்ற பிள்ளைகளை அந்த ஜன்னல் பக்கம் திருப்பிவிடுகிறார்.